மைனி போடட்டும்

மார்ச் 9

இன்று மார்ச் ஒன்பது. எனக்கு எண்பத்தைந்து வயது, நான்கு மாதம், பதினொரு நாள். முதுமையைப் பற்றிய பெருமையில் இவ்வளவு துல்லியமாக எழுதவில்லை. வாக்காளர் பட்டியலோடு வந்த அங்கன்வாடி ஊழியர் கேட்டார், கணக்கிட்டுச் சொன்னேன். எண்பத்தைந்து நிறைந்தவர்கள் இனிச் சாவடிக்கு நடக்க வேண்டியதில்லையாம்; விருப்பம் தெரிவித்தால் பெட்டியோடு அவர்களே வீட்டுக்கு வருவார்களாம். தெரிவித்தேன். கல்லூரியில் பொருளாதாரம் கற்பித்த காலம் முழுவதும் வரிசையில் நின்று வாக்களித்தவள். இனி வரிசை என்னைத் தேடி வரட்டும்.

இவ்வீட்டில் இந்தச் சலுகைக்கு உரியவர்கள் இருவர். மற்றவர் பலவேசம் அண்ணாச்சி. வயது எண்பத்தேழு. என் சம்பந்தி; என்னை ‘மைனி’ என்பார், அண்ணி என்று பொருள். என் மகள் மங்கையை அவர் மகன் தளவாய்க்குக் கொடுத்தேன். என் கணவர் காலமான பிறகு, மாடிப்படி ஏற முடியாத நிலை வந்தபோது, என் வீட்டை விற்றுவிட்டு இங்கே பாளையங்கோட்டைக்கு மகளோடு இருக்க வந்தேன். நான் இதை மகள் வீடு என்பேன். தெரு இதை மருமகன் வீடு என்கிறது. தெரு சொல்வதே சரி; வாசல் பலகையில் தளவாயின் பெயரும் அதற்குக் கீழே அவருடைய கட்சிப் பதவியும் இருக்கின்றன.

அந்தக் கட்சியின் பெயரை இந்த நோட்டில் எழுதப் போவதில்லை. என் கட்சியின் பெயரையும் எழுத மாட்டேன். பெயர் காதில் விழுந்த கணமே பாதிப்பேர் மேற்கொண்டு கேட்பதில்லை என்பது வகுப்பறையில் கற்ற பாடம். அண்ணாச்சியும் தளவாயும் ஒரு கட்சி. நான் அதற்கு நேர் எதிர். மங்கை எந்தக் கட்சி என்று கேட்டால், அடுப்பில் ஏதோ கொதிப்பதாகச் சொல்லி எழுந்துவிடுவாள்.

அவள்தான் ஒரு சட்டம் இயற்றி வைத்திருக்கிறாள். அண்ணாச்சியும் நானும் மாலைக் காப்பியின்போது மட்டும் அரசியல் பேசலாம். யாருடைய டம்ளர் காலியாகிறதோ அவர் வாயை மூட வேண்டும். அண்ணாச்சி இதை உடனே புரிந்துகொண்டார். கடைசி மடக்கை ஆறவிட்டு, ஆடை படியவிட்டு, விளக்கு வைக்கும் நேரம் வரை வைத்திருப்பார். நான் சூடாகக் குடித்தே பழகியவள். ஆகவே பெரும்பாலும் தோற்பவள் நானே.

மார்ச் 12

வேட்பாளர்களை அறிவித்துவிட்டார்கள். அண்ணாச்சியின் கட்சி நிறுத்தியிருப்பவர், போன வருடம் வரை என் கட்சியில் இருந்தவர். காப்பி வரும்வரை பொறுத்திருந்தேன்.

“உங்களுக்கு ஆளே கிடைக்கலையா அண்ணாச்சி? நாங்க கழிச்சுப் போட்டதைத் தேடி எடுத்திருக்கீங்க.”

“நல்ல சரக்கத் தூரப் போட்டது ஒங்க குத்தம்லா மைனி. நான் இரும்புக்கடை வச்சிருந்தவன். பழைய இரும்பு வாங்கித்தான் பிள்ளைகளப் படிக்க வச்சேன்.”

“அது இரும்பா துருவான்னு பார்த்து வாங்கியிருப்பீங்க.”

“உருக்குனா எல்லாம் ஒண்ணுதான்.” சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது. “அவன் ஆளு சரியில்லதான். கட்சி நிறுத்திட்டு. நாம என்ன செய்ய?”

“போடாம இருக்கலாம்.”

“நீங்க பரிச்சைப் பேப்பர் திருத்துத மாதிரி ஓட்டுப் போடுதீய. நாங்க அப்படி இல்ல. எங்க அய்யா, நான், தளவாய், எல்லாரும் ஒரே எடந்தான்.”

“சொத்து மாதிரி கையில குடுத்துட்டுப் போறதுக்கு ஓட்டு என்ன நகையா?”

இதைச் சொல்லியிருக்க வேண்டியதில்லை. அவர் பதில் சொல்வதற்காக டம்ளரைக் கீழே வைக்க முயன்றார். கை நடுங்கி அது மேசையிலேயே கவிழ்ந்தது. இந்த நடுக்கம் அவருக்குச் சில வருடங்களாக இருக்கிறது, இப்போது கூடியிருக்கிறது. சோற்றைக்கூட மங்கை பிசைந்து கரண்டி போட்டுக் கொடுக்கிறாள். நான் துணி எடுத்துத் துடைத்தேன். சட்டப்படி அவருடைய டம்ளர் காலி, அவர் பேசக்கூடாது.

எழுந்து போகும்போது கேட்டார்: “மைனி, ஒரு தடவையாவது எங்களுக்குப் போட்டிருக்கீயளா?”

“கை ஒடிஞ்சாலும் போட மாட்டேன்.”

அவர் தம் கையைப் பார்த்துக்கொண்டார். எனக்கு அப்போதுதான் உறைத்தது.

மார்ச் 13

மோட்டார் ஓடவில்லை. மங்கை கூழ்வற்றல் காய்ச்சத் தொடங்கிவிட்டுத் தண்ணீருக்கு அலைந்தாள். அண்ணாச்சி மாலையில் என் டம்ளரைக் காட்டி, “நெறயா ஊத்து, மைனி இன்னிக்கு நெறயப் பேசணும்” என்றார். நேற்றைய விஷயம் முடிந்தது என்று பொருள். படித்தவர்கள் ஐந்து வாக்கியத்திலும் முடிக்க முடியாததை இவர் ஒன்றில் முடித்துவிடுகிறார்.

மார்ச் 20

காலையில் தேர்தல் அலுவலகத்திலிருந்து தொலைபேசி. ஏப்ரல் ஆறாம் தேதி வீட்டுக்கு வருகிறார்கள். சீட்டில் பேனாவால் குறியிட வேண்டும்; பார்வையோ கையோ ஒத்துழைக்காதவர்கள், தாம் நம்பும் ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொண்டு அவர் கையால் குறியிடச் செய்யலாம் என்று சொன்னார்கள். துணையாக வருபவர், அதை யாரிடமும் வெளியிட மாட்டேன் என்று எழுதிக் கையொப்பமிட வேண்டும்.

தளவாய் பலகாரம் தின்றுகொண்டிருந்தவர், தலை நிமிராமலே சொன்னார்: “அப்பாக்கு நான் போட்டுருதேன்.”

அண்ணாச்சி கரண்டியைத் தட்டில் வைத்தார். “வேண்டாம்ல. மைனி போடட்டும்.”

எங்கள் யாருக்கும் முதலில் புரியவில்லை. தளவாய், “எந்த மைனி?” என்று கேட்டார். இந்த வீட்டில் எத்தனை மைனி இருக்கிறார்களோ தெரியவில்லை.

“ஒங்க அத்தைதான். வேற யாரு?”

“அப்பா, வெளையாடுதீங்களா? அவங்க யாரு கட்சின்னு தெருவுக்கே தெரியும். ஆளுங்க கேட்டா நான் என்ன சொல்ல? எங்கப்பா ஓட்ட எதிராளி கையில குடுத்தாருன்னா?”

“எதிராளியா?” அண்ணாச்சி மங்கையைப் பார்த்துச் சொன்னார்: “ஏட்டி, ஒங்கம்மா எதிராளியாம். இன்னும் ரெண்டு இட்லி வை எதிராளிக்கு.”

தளவாய் கையைக் கழுவிக்கொண்டு போய்விட்டார். எனக்கு இரண்டு இட்லி கூடுதலாக வந்தது. அதைச் சாப்பிட்டேன். வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை.

மார்ச் 21

மங்கை துணி மடிக்கிற சாக்கில் என் அறைக்கு வந்தாள்.

“யம்மா, நீ முடியாதுன்னு சொல்லிரு.”

“கேட்டது அவர். நானா போய்க் கேட்டேன்?”

“அது எனக்குத் தெரியும். ஆனா நீ எதுல போட்டாலும் இவுக நம்பப் போறதில்ல. மாமாவுக்கு ஒரு ஓட்டு. நான் இந்த வீட்டுக்குள்ள நாளைக்கும் இருக்கணும். நீயும் இருக்கணும்.”

அவள் சொல்வதில் பிழை இல்லை. என் வயதில் மருமகன் வீட்டில் இருப்பவள், மருமகன் முகம் சுளிக்கும் காரியத்தைச் செய்வது அறிவுடைமை ஆகாது. மறுத்துவிடுவதாகச் சொன்னேன். மங்கை என் சேலையைப் பத்துத் தடவை நீவிவிட்டுப் போனாள்.

மார்ச் 22

மறுக்கப் போனேன். அண்ணாச்சி வராந்தாவில் இருந்தார்.

“தளவாய்க்கே கொடுங்க அண்ணாச்சி. நான் போட்டா நீங்க சொன்னபடி போட்டேன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“எனக்குக் கண்ணு தெரியும்லா. கைதான் நிக்காது.”

“பக்கத்துப் பக்கத்துல பொடி எழுத்தா இருக்கும். நான் ஏமாத்தினா?”

“ஏமாத்துங்க.” இதை மிகச் சாதாரணமாகச் சொன்னார். “மைனி, தளவாய் கையில குடுத்தா நான் வாயத் தெறக்குமுன்ன அவன் போட்டுருவான். நீங்க கேப்பீய. அதான்.”

கேட்பேன் என்று அவர் எதை வைத்து முடிவு செய்தார் என்று தெரியவில்லை. இருவரும் இத்தனை ஆண்டுகள் ஒருவரையொருவர் பேசவிடாமல் அடக்குவதற்காகத்தான் காப்பி குடித்திருக்கிறோம். ஆயினும் என்னால் மறுக்க இயலவில்லை. சரி என்று சொல்லிவிட்டேன். மங்கையிடம் எப்படிச் சொல்வது என்று இன்னும் யோசிக்கிறேன்.

மார்ச் 23

மங்கையிடம் சொன்னேன். உப்பில்லாத ரசம்.

ஏப்ரல் 2

வற்றல் காய்ந்துவிட்டது. தளவாய் பிரச்சாரத்தில் இருக்கிறார், இரவு தாமதமாக வருகிறார். என்னைக் கடந்து போகும்போது, “சாப்பிட்டீங்களா அத்தை” என்று கேட்கிறார், பதிலுக்கு நிற்பதில்லை. முன்பு கேட்டதுமில்லை. கோபம் வந்த பிறகுதான் இந்த மரியாதை வந்திருக்கிறது. எது மேல் என்று என்னால் தீர்மானிக்க முடியவில்லை.

மாலையில் விலைவாசி பற்றி அண்ணாச்சியும் நானும் கடுமையாக மோதினோம். அவருக்குப் புள்ளிவிவரம் கிடையாது, குரல் உண்டு. எனக்குப் புள்ளிவிவரம் உண்டு, டம்ளர் காலி.

ஏப்ரல் 6

வந்துவிட்டுப் போய்விட்டார்கள். ஒழுங்காக எழுத முயல்கிறேன்.

பதினொரு மணிக்கு வந்தார்கள். இரண்டு பெண் அலுவலர்கள், ஒரு காவலர், படம் பிடிப்பவர் ஒருவர். சாப்பாட்டு மேசையைத் துடைத்து, அதன்மேல் அட்டைத் தடுப்பை மூன்று பக்கமும் மடித்து நிறுத்தினார்கள். காலையில் தோசை வார்த்துப் பரிமாறிய இடத்தில் குடியரசு வந்து உட்கார்ந்தது. தளவாய் தம் கட்சியின் முகவராக வாசலருகே நாற்காலி போட்டு அமர்ந்தார். தம் சொந்த வீட்டில் வேற்றாள் போல இருந்தார். என் கட்சியின் முகவர் வரவில்லை; எங்கள் அமைப்பு அத்தகையது.

வரிசைப்படி முதலில் அண்ணாச்சி. வெள்ளை வேட்டி, சலவைச் சட்டை. கையெழுத்துப் போட முடியாததால் கைநாட்டு வாங்கினார்கள். இரும்புக்கடைக் கையெழுத்து எவ்வளவு கம்பீரமாக இருக்கும் என்று எனக்குத் தெரியும். மை தடவிய விரலை அவர் வேறு யாருடையதோ போலப் பிடித்திருந்தார்.

“துணைக்கு யாருங்கய்யா? மகனா?”

“மைனி.”

அலுவலர் தளவாயைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். உறுதிமொழியை என் முன் வைத்தார். படித்துவிட்டுக் கையெழுத்திட்டேன். தளவாய் சுவரில் காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தடுப்புக்குள் அவர் உட்கார்ந்தார், நான் குனிந்து நின்றேன். படம் பிடிப்பவரை அப்பால் நிறுத்தியிருந்தார்கள். நான் பெயர்களை மேலிருந்து கீழே, குரலே எழும்பாமல், ஒன்றுவிடாமல் வாசித்தேன். சுயேச்சைகளையும் விடவில்லை. அவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். பிறகு என் காதருகே ஒரு பெயரைச் சொன்னார்.

நான் மறுபடி கேட்டேன்.

“காது மந்தமாயிட்டா மைனி?” என்று, அதே பெயரை மறுபடி சொன்னார்.

குறியிட்டேன். அவருக்குக் காட்டினேன். கண்ணை இடுக்கிப் பார்த்துத் தலையாட்டினார். மடித்து, உறையிலிட்டு, ஒட்டி, அவர் கையைப் பிடித்துப் பெட்டியின் வாய்வரை கொண்டுபோனேன். உள்ளே தள்ளியது அவர் விரல்தான்.

அவர் சொன்ன பெயரை இங்கே எழுத மாட்டேன். கையெழுத்திட்டிருக்கிறேன். நோட்டையும் ஓர் ஆளாகவே கருத வேண்டும்.

அடுத்து என் முறை. எனக்குத் துணை வேண்டியிருக்கவில்லை. ஆனால் தடுப்புக்குள் நெடுநேரம் நின்றுவிட்டேன் போலிருக்கிறது. வெளியிலிருந்து அலுவலர், “என்னம்மா, அய்யாவுக்கு டக்குனு முடிச்சிட்டீங்க, ஒங்களுக்கு யோசனையா?” என்றார். அண்ணாச்சி அங்கிருந்து சொன்னார்: “அவுக பேப்பர் திருத்துதாக. நேரமாகும்.” எல்லோரும் சிரித்தார்கள், தளவாய் தவிர.

மேசையைக் காலி செய்து கொடுத்ததும் மங்கை சோறு போட்டாள். அவியல். யாரும் எதுவும் கேட்கவில்லை.

ஏப்ரல் 7

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. மாலைக் காப்பிக்கு உட்கார்ந்தவர், முன்பைவிட உரக்கத் தம் கட்சியைத் தூக்கிப் பேசினார். தம் வேட்பாளர் தொகுதிக்குப் பாலம் கொண்டுவருவார் என்றார். என் கட்சியை ஆள் பிடிக்கத் தெரியாதவர்கள் என்றார். நான் அவர் முகத்தையே பார்த்தேன். நேற்று என்ற ஒரு நாளே நடக்காதது போன்ற முகம்.

“என்ன மைனி, வாயில கொழுக்கட்டையா? ஒங்க டம்ளர்ல இன்னும் காப்பி கெடக்கு.”

உண்மைதான். முதன்முறையாக என் டம்ளரில் காப்பி மிச்சம் இருந்தது. பேச எதுவும் இல்லை.

ஏப்ரல் 11

இன்று நடந்தது. எப்போதாவது நடந்தாக வேண்டியதுதான்.

தளவாய் மத்தியானம் கட்சி அலுவலகத்திலிருந்து வந்தார். அங்கே யாரோ சீண்டியிருக்கிறார்கள். “ஒங்க வீட்டு ரெண்டு ஓட்டும் அந்தப் பக்கம் போயிட்டாமே” என்று. வந்தவர் செருப்பைக் கழற்றாமல் என் முன் நின்றார்.

“அத்தை, ஒண்ணே ஒண்ணு கேக்கேன். எங்கப்பா ஓட்ட நீங்க ஒங்காளுக்குப் போட்டீங்களா?”

“அதைச் சொல்லக்கூடாதுன்னு கையெழுத்து வாங்கியிருக்காங்க, தளவாய்.”

“அப்போ போட்டிருக்கீங்க.”

“அப்படி நான் சொல்லலை.”

“இல்லன்னும் சொல்லலையே. இந்த வீட்டுச் சோத்தத் தின்னுட்டு…”

வாக்கியத்தை முடிக்கவில்லை. மங்கை சமையலறை வாசலில் நின்றாள். நான் எழுந்தேன். எங்கே போவதற்காக எழுந்தேன் என்று தெரியவில்லை. விற்ற வீட்டில் வேறொருவர் குடியிருக்கிறார்.

அண்ணாச்சி கட்டிலில் படுத்தபடியே சொன்னார்: “ஏல. அவுக நான் சொன்னபடிதான் போட்டாக.”

“நீங்க பாத்தீங்களா?”

“பாத்தேன். நான் என்ன சொன்னேனோ அதுல. கூடவும் இல்ல, கொறயவும் இல்ல. செருப்பக் கழத்திட்டு உள்ள வா.”

தளவாயின் முகம் தளர்ந்தது. தந்தை சொன்னபடி என்றால் அது எந்தப் பெயர் என்பதில் அவருக்குச் சந்தேகமே கிடையாது. “மன்னிச்சுக்கோங்க அத்தை” என்றார். “பரவாயில்லை” என்றேன். அண்ணாச்சி சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

அவர் சொன்ன ஒவ்வொரு சொல்லும் உண்மை. இவ்வளவு உண்மையைக் கொண்டு ஒரு மனிதர் இப்படி ஒரு வேலையைச் செய்ய முடியும் என்பது எனக்குப் புதிது.

ஏப்ரல் 15

கேட்டுவிட்டேன். வராந்தாவில் ஆள் இல்லாத நேரம்.

“ஏன் அண்ணாச்சி அப்படிச் சொன்னீங்க, அன்னைக்கு? தடுப்புக்குள்ள?”

“என்ன சொன்னேன்?”

“உங்களுக்குத் தெரியாதா?”

“ரகசியம்லா மைனி. கையெழுத்துப் போட்டிருக்கீய.” மிக மரியாதையாகச் சொன்னார். பிறகு வேலிக்கு அப்பால் போகும் ஆட்டைக் காட்டி, அது யாருடையது என்று கேட்டார்.

மறதியா? இருக்கலாம், போன மாதம் தம் தங்கை பெயரை மாற்றிச் சொன்னார். ஆனால் நான் பதில் சொல்லுமுன் ஆடு யாருடையது என்று அவரே சொல்லிவிட்டார்.

மே 4

வாக்கு எண்ணிக்கை. காலையிலிருந்து தொலைக்காட்சி. அண்ணாச்சியின் கட்சிக்காரர் எளிதாக ஜெயித்தார். தெருவில் வெடி. தளவாய் கழுத்தில் மாலையோடு வந்து தந்தையின் காலில் விழுந்தார். அண்ணாச்சியின் கண்கள் நனைந்தன. நடிப்பு என்றால் அத்தகைய நடிகரை நான் கண்டதில்லை. நடிப்பு இல்லை என்றால் நான் எதையும் கண்டதில்லை.

“என்ன மைனி? துருவா இரும்பா?” என்று என்னிடம் லட்டுத் தட்டை நீட்டினார். தட்டு ஆடியது. ஓரத்தைப் பிடித்து நிறுத்தி ஒன்றை எடுத்தேன். இனிப்பு கூடுதல். அவருக்குச் சர்க்கரை என்பதை நினைவூட்டினேன்.

“நாளைக்குச் சொல்லுங்க” என்றார்.

மே 19

கண் மருந்து தீர்ந்தது. அண்ணாச்சிக்கு இருமல். டம்ளர் ஆட்டம் மூன்று நாளாக இல்லை. நான் மாலையில் ஒரு டம்ளரை முழுதாகக் குடித்து முடிக்கிறேன். எதிரே யாரும் இல்லாததால் யார் ஜெயித்தது என்று கூற இயலாது.

ஜூன் 2

நெஞ்சில் சளி கட்டியிருக்கிறது. மருத்துவமனையிலிருந்து திருப்பிக் கொண்டுவந்துவிட்டார்கள். நான் செய்தித்தாள் வாசித்துக் காட்டினேன். அவருடைய கட்சியின் அமைச்சர் ஒருவர் சொன்ன அசட்டுத்தனமான அறிக்கையை, கூடுமான மரியாதையோடு வாசித்தேன். கண்ணைத் திறக்காமலே, “அவன் முட்டாப்பய” என்றார். பிறகு, “வெளிய சொல்லீராதீய” என்றார்.

ஜூன் 5

அதிகாலையில் போய்விட்டார். இட்லிக்கு அரைத்த மாவைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தோம். பந்தல்காரரிடம் நாற்காலி அதிகம் சொல்லும்படி தளவாயிடம் கூறினேன். கட்சிக்காரர்கள் நிற்க விரும்பாதவர்கள்.

உடலின் மேல் கட்சிக் கொடியைப் போர்த்தினார்கள். நான் தலைமாட்டில் இருந்தேன். கொடியின் ஓரம் அவர் முகத்தில் விழுந்தது. எடுத்து மார்புக்குக் கீழே இறக்கிவிட்டேன். ஒருவர் என்னை முறைத்தார். மூச்சுமுட்டும் என்று நினைத்தேனோ என்னவோ. அறிவுக்குப் பொருந்தாத செயல்.

ஜூன் 20

பதினாறாம் நாள். படத்திறப்பும் கூடவே வைத்தார்கள். சட்டமன்ற உறுப்பினரும் வந்திருந்தார். எங்கள் பழைய ஆள். என்னைப் பார்த்துப் பணிவாகக் கும்பிட்டார். நானும் கும்பிட்டேன்.

தளவாய் ஒலிபெருக்கி முன்னால் நின்று அழுதுகொண்டே பேசினார். பேச்சு நன்றாகவே இருந்தது. நடுவில் இதைச் சொன்னார்: “எங்கப்பா கடைசி ஓட்டும் கட்சிக்குத்தான். கை நடுங்குச்சு, மனசு நடுங்கல. அந்த ஓட்டப் போட்ட கை இங்கதான் இருக்கு. எங்க அத்தை. எதிர்க்கட்சிதான். ஆனா எங்கப்பா நம்புனாரு. அத்தை, நீங்களே ஒரு வார்த்தை சொல்லுங்க.”

ஒலிபெருக்கியை என் நாற்காலிக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். இது நான் எதிர்பாராதது. கூட்டம் முழுவதும் திரும்பியது. மங்கை என் தோளைப் பிடித்தாள், அழுத்தினாள். அந்த அழுத்தத்தின் பொருள் எனக்குப் புரிந்தது: ஒரு பொய் சொல்லிவிடு, வீட்டுக்குப் போகலாம்.

வகுப்பில் ஒருபோதும் பொய் சொன்னதில்லை. அண்ணாச்சியின் படத்தைப் பார்த்தேன். கடையில் எடுத்த பழைய படம். கை நடுங்காத காலத்தது.

“அண்ணாச்சி கட்சிக்கு,” என்றேன், “இந்த வீட்டிலேருந்து போகவேண்டிய ஓட்டு ஒண்ணுகூடக் குறையலை.”

கை தட்டினார்கள். இரங்கல் கூட்டத்தில் கை தட்டக்கூடாது என்று யாரோ அடக்கினார்கள். தளவாய் வந்து என் முன் மண்டியிட்டு, என் இரு கைகளையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். “இது ஒங்க வீடு அத்தை. நான் அன்னைக்குப் பேசினதை மறந்துருங்க.” நான், “எழுந்திரு தளவாய், வேட்டி அழுக்காகுது” என்றேன்.

ஜூன் 21

மங்கை காலையில் கேட்டாள். “யம்மா, நேத்து சொன்னது நெசமா?” நிஜம் என்றேன். அவள் முகத்தில் நிம்மதி. அதைக் கலைக்க எனக்கு உரிமை இல்லை.

ஆனால் தலைக்குள் ஒரே குழப்பம். ஆகையால் இங்கே எழுதிவிடுகிறேன். உறுதிமொழி இறந்தவருக்கும் பொருந்தும் என்பது எனக்குத் தெரியும். தெரிந்தே மீறுகிறேன்.

அன்று தடுப்புக்குள் அவர் சொன்ன பெயர், எங்கள் வேட்பாளருடையது. இரண்டு தடவையும் அதே பெயர். குறியிட்டுக் காட்டியபோது பார்த்துத் தலையாட்டியதும் அதற்குத்தான்.

ஏன் என்பது இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. கட்சி மாறிவந்த ஆளைப் பிடிக்காததாலா? மகனுக்குப் பாடமா? மூளையின் தடுமாற்றமா? அல்லது எனக்குப் பிடிக்காத பெயருக்கு எதிரே என் கையால் குறியிட வைப்பது மரியாதை அன்று என்று கருதினாரா? அப்படியானால் அதைப் போல் முட்டாள்தனம் வேறில்லை. வாக்கு என்ன, விருந்தாளிக்கு முதலில் பரிமாறும் பலகாரமா? மறுநாளே உரக்கக் கத்தியதும், வெற்றி நாளில் கண் கலங்கியதும் எந்தக் கணக்கிலும் அடங்கவில்லை. கேட்டபோது ஆட்டைக் காட்டினார். இனிக் கேட்க ஆள் இல்லை.

அவர் சொன்னபடி செய்தேன். பெட்டியில் போட்டோம். பிறகு என் சீட்டை எடுத்துக்கொண்டு தடுப்புக்குள் போனேன். எங்கள் ஆளின் பெயருக்கு எதிரே பேனாவை வைத்தேன். கை இறங்கவில்லை. ஒரே காலையில் ஒருத்தி இரண்டு வாக்குப் போட்டது போல இருந்தது. ஒருவருக்கு ஒன்று என்று வாழ்நாளெல்லாம் கற்பித்தவள். அவர் கொடுத்ததைத் திருப்பிக் கொடுக்க எனக்கு வேறு வழி தெரியவில்லை. திருப்பிக் கொடுத்ததனால் அவர் செய்ததை இல்லையென்று ஆக்கிவிட்டேனோ என்பதும் தெரியவில்லை. வெளியே அலுவலர் அவசரப்படுத்தினார். அண்ணாச்சி, பேப்பர் திருத்துதாக என்றார்.

என் வாக்கை அவர் கட்சிக்குப் போட்டேன்.